குவாரித் தூசியை நாமே அளக்க முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரம் பக்கம் இருக்கிறோம், எதிரே கல் குவாரி. வெடி வைக்கும் நாளில் ஜன்னல் முழுக்க வெள்ளைப் பொடி, அம்மாவுக்கு ஆஸ்துமா வேறு. மலிவான கருவி வாங்கி வைத்து அளந்தால் நகராட்சியில் எடுபடுமா?

பதில் 1: தம்பி, படிகிற தூசி வேறு, மூச்சில் போகிற தூசி வேறு. படிவதற்கு நாட்டின் 2013 தூசிக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம்தான் வரம்பு, அதுவும் 30 நாள் சராசரி. திறந்த வாளியைக் கம்பத்தில் வைத்து மாதம் முழுக்க விழுவதைச் சேர்த்து எடை போடுவார்கள். வருடத்தில் இரண்டு முறை மீறலாம், ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் கூடாது. நகராட்சியின் காற்றுத் தர அதிகாரியிடம் குவாரியின் வாளி அளவீட்டு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

பதில் 2: அம்மாவுக்கு முக்கியம் பிஎம்10, பிஎம்2.5, அதாவது மூச்சில் போகிற, 10 மற்றும் 2.5 மைக்ரோமீட்டர் வரை உள்ள நுண்துகள்கள். பிஎம்10-க்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 75 மைக்ரோகிராம். மலிவான லேசர் சென்சார் குவாரியின் பருமனான துகளைக் குறைத்துக் காட்டும், டர்பன் ஈரக்காற்றிலோ கூட்டிக் காட்டும். சட்டச் சான்றாக நிற்காதுதான், ஆனாலும் வெடி நேரம், காற்றுத் திசை, படம் எல்லாம் சேர்த்துக் குறித்து வையுங்கள், புகாருக்குப் பலம். கரும்பு வயல்களை எரிக்கும் மாதங்களில் அந்தப் புகையும் கருவி காட்டும் அளவில் கலக்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. முதலில் அந்த வாளி அறிக்கையைக் கேட்கிறேன்.

பதில் 3: அப்புறம், வெடி நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் அம்மா ஜன்னலைச் சாத்தி உள்ளே இருக்கட்டும்.