மார்பு 10 அங்குலம், குண்டுக்கு 12 எதற்கு?

செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 11.40

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து. பக்கத்து நாற்காலியில் கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். சாம்பார் வருவதற்குள் பேச்சு துப்பாக்கிக்குப் போய்விட்டது. "ஹாலோ பாயிண்ட் போடுகிறவன் கொலைகாரன். உலகமே தடைசெய்த குண்டு அது. பொறுப்புள்ளவன் உறைக்குண்டுதான் போடுவான்" என்றார். (ஹாலோ பாயிண்ட் என்றால் முனையில் குழி உள்ள குண்டு; உறைக்குண்டு என்றால் ஈயத்தின் மேல் செம்பு உறை போர்த்திய, குழி இல்லாத குண்டு.) மேசை முழுவதும் தலையாட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. போன மாதம் இங்கேயும் ஒருவர் இதையே எழுதினார். யாரென்று சொல்லப் போவதில்லை, பினாங்குப் பக்கம் பிறை ஊரில் இருக்கிறார்.

1899-இல் ஹேக் நகரில் கையெழுத்தான பிரகடனம், கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் போரிடும்போது உடலுக்குள் விரியும் குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்றது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தம்தம் ஆயுதச்சாலையில் வெள்ளைக்காரன் செய்த குண்டால் எழுந்த கூச்சல் அது. நள்ளிரவில் பாராங்கத்தியோடு சமையலறைக்குள் நுழைபவன் எந்த நாட்டுப் படை? நியூயார்க் காவல்துறையே 1998-இல் உறைக்குண்டை விட்டு ஹாலோ பாயிண்டுக்கு மாற முடிவெடுத்தது. காரணம் இரக்கமும் இல்லை, குரூரமும் இல்லை. உறைக்குண்டு ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவனையும் சாய்க்கிறது. முனையில் குழி உள்ள குண்டு சதையில் பட்டதும் காளான் போல விரிந்து, வேகம் இழந்து, உள்ளேயே நின்றுவிடும். அதற்காக மேலோட்டமாகவும் நின்றுவிடக் கூடாது. எஃப்.பி.ஐ. கேட்பது, சதைக்குப் பதிலாக வைத்துச் சுட்டுப் பார்க்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குறைந்தது 12 அங்குலம், மிஞ்சினால் 18.

பிறைக்காரன் | ஞாயிறு, இரவு 11.58

பிறையில் இருப்பவர் வந்துவிட்டார். 27 ஆண்டு இடுப்பில் .38 ரிவால்வரோடு திரிந்த சார்ஜன் நான். ஈயக்குண்டு, எடை 158 கிரெயின். விரியவும் இல்லை, பூக்கவும் இல்லை. யாரும் குறை சொன்னதில்லை.

தம்பி, உங்கள் வாயாலேயே சொன்னீர்கள்: 12 அங்குலம். மனிதனின் மார்பு முன்னிருந்து பின்னுக்கு எவ்வளவு? நம் ஊர்த் திருடனுக்கு 10 அங்குலம் இருந்தாலே அதிகம். 10 அங்குல மார்புக்குள் 12 அங்குலம் போகும் குண்டு எங்கே நிற்கும்? மீதி 2 அங்குலம் என் சட்டைப் பையிலா? உள்ளேயே நிற்கும் என்று ஒரு வரி, 12 அங்குலம் போக வேண்டும் என்று அடுத்த வரி. பாயசம் வந்தது நல்லதாகப் போயிற்று.

கெடாமருமகள் | திங்கள், காலை 7.15

ஒரு சின்னக் கேள்வி. "பொறுப்பான குண்டு" என்கிறீர்களே, யாருக்குப் பொறுப்பு? அடிபடுகிறவனுக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கா, சுடுகிறவனுக்கா? அதை முதலில் முடிவு செய்தால் மற்றது எளிதாகுமே.

செந்தூல்வாசி | திங்கள், காலை 8.02

சார்ஜன், ஜெலட்டின் வேறு, மனிதன் வேறு. அது அளவுகோல் மட்டும். ஒருவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்றால் மார்புக்கு முன்னால் கை இருக்கும். பக்கவாட்டில் திரும்பி நின்றால் தோள் இருக்கும். 1986 ஏப்ரல் 11, மயாமி. எஃப்.பி.ஐ.க்காரர்கள் சுட்ட 9 மி.மீ. குண்டு ஒன்று பிளாட் என்ற கொள்ளைக்காரனின் வலது கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சண்டை போட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். அந்தக் குண்டு ஹாலோ பாயிண்ட்தான், ஆனால் ஆழம் போதவில்லை. 12 அங்குலம் வந்த கதை அதுதான். போதாததற்கு, வெளியேறும் இடத்தில் தோல் ரப்பர் போல இழுத்துப் பிடிக்கும். விரிந்த குண்டு பெரும்பாலும் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

பிறைக்காரன் | திங்கள், காலை 8.20

ஆக, பிறை திருடன் என் வீட்டுக்கு வரும்போது கையை நீட்டி, பக்கவாட்டில் திரும்பி, மயாமியில் நின்றவன் போல நிற்க வேண்டும். நிற்காவிட்டால்? நேராக நின்றால்? 10 அங்குலம். குண்டு 12. கழித்தல் கணக்கு இரண்டாம் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள்.

இன்னொன்று. அந்தச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கர்கள் 9 மி.மீ.யைத் திட்டிவிட்டு 10 மி.மீ.க்குப் போனார்கள். உதைப்பு அதிகம் என்று 1990-இல் .40 அங்குலக் குண்டுக்கு இறங்கினார்கள். 25 ஆண்டு சுற்றிவிட்டு மறுபடி 9 மி.மீ.க்கே வந்து நிற்கிறார்கள். இவர்கள் சொல்லும் 12 அங்குலத்தை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

ஹூஸ்டன்மாப்பிள்ளை | திங்கள், காலை 10.45

நான் கிள்ளானில் பிறந்தவன், இப்போது டெக்சஸில் இருக்கிறேன். இங்கே கடையில் பால் வாங்குவது போலத் தோட்டா வாங்கலாம். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டு பேருமே முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். உருண்டை முனை வழுக்கிக்கொண்டு ஏறும். குழி முனை சில பழைய துப்பாக்கிகளில் வாயிலேயே முட்டி நிற்கும். நான் புது வகை வாங்கினால் முதலில் பல பெட்டிகளைத் திடலில் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் வீட்டில் வைப்பேன். எடையும் முக்கியம். 115 கிரெயின் வேகமாகப் போகும், 147 மெதுவாகப் போகும். துப்பாக்கிக்குத் துப்பாக்கி படும் இடம் மாறும்.

சுவர் விஷயம். இங்கே அறைகளுக்கு நடுவில் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டுதான். ஆளை நிறுத்தும் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அதைத் தாண்டிப் போகும். ஹாலோ பாயிண்டின் குழிக்குள் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் அது விரியாமல் உறைக்குண்டு போலவே ஓடும். குறி தவறினால் எந்தக் குண்டும் பொறுப்பான குண்டு இல்லை. 1999-இல் நியூயார்க்கில் அமாடு டியாலோ என்ற நிராயுதபாணியை நோக்கி நான்கு போலீஸ்காரர்கள் 41 முறை சுட்டார்கள். 19 பட்டது. மீதி 22 எங்கே போயிற்று என்று யோசியுங்கள்.

பிறைக்காரன் | திங்கள், காலை 11.10

மாப்பிள்ளை, பால் வாங்குவது போல வாங்குகிறவர் எங்களுக்குப் பொறுப்பு சொல்லித்தருகிறார், சந்தோஷம். எங்கள் தாமான் குடியிருப்பில் ஜிப்சம் இல்லை, செங்கல். கைத்துப்பாக்கிக் குண்டைப் பெரும்பாலும் அதுவே நிறுத்திவிடும். ஆனால் என் முன்வாசலில் கண்ணாடி ஜன்னல், எதிர்வீட்டு வாசலில் ஒரு பாட்டி, அவர் எப்போதும் அங்கேதான். அந்தப் பாட்டிக்காகத்தான் கேட்கிறேன்: 10-க்குள் 12 எப்படி அடங்கும்? பதில் வரவில்லை.

சட்டக்கிளி | திங்கள், மதியம் 1.30

பாட்டி என்றதும் ஞாபகம் வந்தது. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமை. 99-ஆவது பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. 106-ஆவது பிரிவின் உதாரணத்தைப் படியுங்கள்: ஒருவனைக் கொல்ல ஒரு கும்பல் வருகிறது, கும்பலுக்குள் சிறு பிள்ளைகளும் கலந்திருக்கிறார்கள், சுட்டால்தான் தப்பிக்க முடியும். அப்படிச் சுட்டுப் பிள்ளைக்குக் காயம் பட்டாலும் குற்றம் இல்லை என்கிறது. ஆனால் "வேறு வழியே இல்லை" என்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். நீங்கள் எந்தக் குண்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் அங்கே கேட்கத்தான் செய்வார்கள்.

பிறைக்காரன் | திங்கள், மதியம் 1.41

வழக்கறிஞர் ஐயா வந்துவிட்டார். மன்னிக்கவும், வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறவர். கோயில் திருவிழாக் கணக்கு விவாதத்திலும் இப்படித்தான் பிரிவு எண்களை அடுக்கினீர்கள். பந்தல் செலவு 400 வெள்ளி இடித்ததே, அதற்கு எந்தப் பிரிவு?

சட்டக்கிளி | திங்கள், மதியம் 1.55

பந்தல்காரரின் ரசீதை அன்றே பதிவேற்றினேன். நீங்கள்தான் மூக்குக்கண்ணாடி இல்லாமல் படித்தீர்கள். கோப்பு தூக்குவது தொழில், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஒரு கேள்வி, சார்ஜன். பணி ஓய்வு பெற்றபோது ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா? இப்போது உங்கள் வீட்டில் துப்பாக்கியே கிடையாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமும் கிடையாது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பாட்டி பத்திரமாகத்தான் இருக்கிறார்.

பிறைக்காரன் | திங்கள், மதியம் 2.03

வண்டி இல்லாதவனுக்குச் சாலை விதி தெரியக் கூடாதா? 27 ஆண்டு. ஒரே ஒரு முறை உறையிலிருந்து எடுத்தேன், அதுவும் சுடாமலே வேலை முடிந்தது. அந்தப் பொறுப்பு உங்கள் 106-இல் இருக்கிறதா?

செந்தூல்வாசி | திங்கள், மாலை 6.30

வேலையிலிருந்து வருவதற்குள் பந்தல் கணக்குக்குப் போய்விட்டீர்கள். சார்ஜன், உங்கள் கழித்தல் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 10 அங்குல மார்பைத் தாண்டி ஹாலோ பாயிண்ட் வெளியே வந்தாலும் சாகும் தறுவாயில் வரும். அதே ஜெலட்டினில் 9 மி.மீ. உறைக்குண்டு 24 அங்குலத்தையும் தாண்டிப் போகும். 12 பெரியதா, 24 பெரியதா? நீங்கள் தாங்கிப்பிடிக்கும் குண்டுதான் பாட்டியைத் தேடிப் போகிறது.

பிறைக்காரன் | திங்கள், மாலை 6.44

நான் உறைக்குண்டைத் தாங்கிப்பிடித்தேன் என்று எங்கே எழுதினேன்? நான் சொன்னது ஈயக்குண்டு. மேலும் குண்டு, தோட்டா இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். பித்தளைக் கூடு, மருந்து, அடியில் பொறி, முனையில் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறப்பது குண்டு மட்டும். இதுகூடத் தெரியாதவர் எனக்கு ஜெலட்டின் பாடம் எடுக்கிறார்.

செந்தூல்வாசி | திங்கள், மாலை 6.50

நான் குண்டு என்றுதான் எழுதினேன். தோட்டா என்று எழுதியது ஹூஸ்டன். போன மாதம் "உறைக்குண்டே மரியாதையானது" என்று எழுதியது நீங்கள். வேண்டுமானால் வரியை எடுத்து ஒட்டுகிறேன்.

ஹூஸ்டன்மாப்பிள்ளை | திங்கள், இரவு 8.15

தோட்டா என்று நான் சரியாகத்தான் எழுதினேன். துப்பாக்கியில் ஏறுவது தோட்டா. என்னை இழுக்காதீர்கள்.

கெடாமருமகள் | திங்கள், இரவு 8.40

காலை 7.15-க்குக் கேட்ட கேள்வி அப்படியே கிடக்கிறது. யாருக்குப் பொறுப்பு? இத்தனை பேரில் ஒருவர் கையிலாவது இந்த நாட்டில் உரிமம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

பிறைக்காரன் | திங்கள், இரவு 9.30

அம்மா, கொஞ்சம் பொறுங்கள், பெரிய விஷயம் ஓடுகிறது. இப்போதுதான் என் மருமகனைச் சுவரோரம் நிற்கவைத்து, முதுகுக்கு ஒரு பலகை, மார்புக்கு ஒரு பலகை வைத்துத் தையல்கார நாடாவால் அளந்தேன். ஒன்பதரை அங்குலம். இது மயாமி இல்லை, ஜெலட்டின் இல்லை, சாட்சியோடு எடுத்த அளவு. ஒன்பதரைக்குள் 12 எப்படி அடங்கும்?

சட்டக்கிளி | திங்கள், இரவு 9.37

மருமகன் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாரா, விட்டிருந்தாரா?

செந்தூல்வாசி | திங்கள், இரவு 9.41

கையை முன்னால் நீட்டச் சொல்லி அளந்தீர்களா? மேல்கைக்கு மட்டும் நான்கு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறைக்காரன் | திங்கள், இரவு 9.55

கை ஏன் நீட்ட வேண்டும்? அவன் மருமகன், திருடன் இல்லை. மூச்சு சாதாரண மூச்சு. நாளை ஈப்போவிலிருந்து சம்பந்தி வருகிறார், கொஞ்சம் பருத்த உடம்பு. அவரையும் அளந்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை யாரும் 12 என்ற எண்ணை இங்கே எழுத வேண்டாம்.

செந்தூல்வாசி | திங்கள், இரவு 9.56

12.