போர்ட்டோ ஃபைனல் 2021: ரோட்ரியை பெஞ்சில் வைத்தது சரியா?

ஆழ்நடுக்களம்:
"2021இல் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஃபைனலில் கோச் பெப் குவார்டியோலா போட்ட திட்டத்தில் குறையே இல்லை, ஜின்சென்கோ ஒரு ஓட்டத்தைக் கோட்டைவிட்டதால்தான் மான்செஸ்டர் சிட்டி செல்சீயிடம் 1-0 தோற்றது" என்று வானநீலம் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நிற்கும் ரோட்ரியோ ஃபெர்னாண்டின்யோவோ இல்லாமல் அந்தப் பருவத்தில் சிட்டி இறங்கியதே அபூர்வம். பி.எஸ்.ஜி.யோடு அரையிறுதி: பாரிஸில் ரோட்ரி, மான்செஸ்டரில் ஃபெர்னாண்டின்யோ, இரண்டிலும் வெற்றி. ஃபைனலில் மட்டும் இருவரும் வெளியே, அந்தக் காவல் இடமான ஆறாம் எண்ணில் குண்டோகன். அந்த வருஷம் சிட்டிக்கு அதிக கோல் அடித்தவரே குண்டோகன்தான். பின்னாலிருந்து வந்து கடைசி நேரத்தில் பாக்ஸுக்குள் புகுவது அவர் பலம். பெப் அதையும் பறித்து, டிஃபென்ஸுக்கு முன்னால் இருந்த காவலையும் எடுத்துவிட்டார். கோல் விழுந்த 42வது நிமிடம் செல்சீயின் மேசன் மவுன்ட் பந்தை வாங்கித் திரும்புகிறார், நெருக்க ஆளில்லை. அப்படி நெருக்குவதுதான் ஹோல்டிங் மிட்ஃபீல்டரின், அதாவது ஆறாம் எண்ணின், வேலை.

வானநீலம்:
அந்த கோலை முழுசா பாருங்க பாஸ். கீப்பர் மெண்டி சில்வெல்லுக்கு அடிக்கிறார், சில்வெல் மவுன்ட்டுக்குக் கொடுக்கிறார். மவுன்ட் நிக்கிறது இடது ஓரம். ஆறாம் எண் ஆடுறவர் அங்க வந்து நிப்பாரா? வெர்னர் ஓடி ரூபன் டியாஸை இழுத்துட்டுப் போறார், ஹாவர்ட்ஸ் அந்த இடைவெளியில புகுந்துட்டார், ஜின்சென்கோ பின்னாடியே துரத்துறார். ரோட்ரி இருந்திருந்தாலும் அதே கோல்தான். இன்னொண்ணு: ஏப்ரல் 17 எஃப்.ஏ. கப் அரையிறுதியில ரோட்ரி, ஃபெர்னாண்டின்யோ ரெண்டு பேருமே ஆடினாங்க. செல்சீ 1-0. மே 8 லீக் மேட்ச்ல ரோட்ரி ஆடினார். செல்சீ 2-1. ரெண்டு தடவை தோத்தவர் மூணாவது தடவை மாத்தாம என்ன செய்வார்?

ஆழ்நடுக்களம்:
மே 8 அன்று இறங்கியது மூன்று சென்டர் பேக், முன்னால் அகுவேரோவும் ஜேசுஸும். ஆளெல்லாம் மாற்றிப் போட்ட லைன்-அப். பாதி நேரத்துக்குச் சற்று முன் ஸ்டெர்லிங் கோலில் 1-0 முன்னிலை, உடனே கிடைத்த பெனால்டியை அகுவேரோ மெதுவாகச் சிப் பண்ணி கீப்பர் கையிலேயே போட்டார். இதில் ரோட்ரி என்ன பாவம் செய்தார்? மவுன்ட் ஓரத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை. பந்து ஓரத்துக்குப் போனதும் அந்தப் பக்கம் நகர்ந்து உள்பக்கப் பாஸை அடைப்பதற்குத்தான் ஆறாம் எண். மவுன்ட்டின் பாஸ் உள்ளே, குறுக்காகத்தானே போனது? அந்தப் பாதையில் யாரும் இல்லை. 42வது நிமிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

மெர்சிக்கரை:
ஒரு மேட்ச்சோட நிறுத்தாதீங்க. 2018ல லிவர்பூலோட ஆன்ஃபீல்டு மைதானத்துல பெப் ஸ்டெர்லிங்கை உட்கார வெச்சு குண்டோகனை உள்ள இழுத்தார், லாபோர்ட்டை லெஃப்ட் பேக் ஆக்கினார். 31 நிமிஷத்துல லிவர்பூல் 3-0. 2019 டாட்டன்ஹாமோட ரெண்டு ஆட்டத்துல முதல் லெக்ல டி புருய்னா 89வது நிமிஷம்தான் உள்ள வந்தார். 2020 லிஸ்பன்ல லியோனுக்கு எதிரா திடீர்னு மூணு சென்டர் பேக். நாக் அவுட் வந்தாலே அவருக்கு எதிரணி மேல தேவைக்கு அதிகமா பயம்.

வானநீலம்:
மெர்சிக்கரை, 2018ஐ வெச்சு எத்தனை வருஷம் ஓட்டுவீங்க? லியோன் மேட்ச்ல 86வது நிமிஷம் காலி கோலுக்கு முன்னாடி ஸ்டெர்லிங் மேல அடிச்சார். அது போயிருந்தா 2-2. அதுக்கும் கோச்சா பொறுப்பு? டாட்டன்ஹாம் ரெண்டாவது லெக்ல 4-3 ஜெயிச்சும் அவே கோல் (எதிரணி மைதானத்துல அடிச்ச கோல்) கணக்குல வெளியேறினோம். டாட்டன்ஹாமோட லோரென்டே அடிச்ச கோல் அவர் கையில பட்டுத்தான் போச்சு.

மெர்சிக்கரை:
ரெஃப்ரி திரையில பார்த்துட்டுத்தான் கொடுத்தார். இடுப்புல பட்டு உள்ள போச்சு. கடைசி நிமிஷ ஸ்டெர்லிங் கோல் ரத்தானதும் சரி, அகுவேரோ ஆஃப்சைடு.

வானநீலம்:
உங்க டீமுக்கு அப்படி நடந்திருந்தா இன்னிக்கு வரைக்கும் அழுதிருப்பீங்க.

ஆழ்நடுக்களம்:
பேச்சை மாற்றாதீர்கள். போர்ட்டோவில் வெர்னர் முதல் கால் மணி நேரத்திலேயே இரண்டு வாய்ப்புகளை வீணடித்தார். அந்த கோல் தற்செயலாக வந்ததல்ல. பந்து சிட்டியிடம் இருக்கும்போது ஜின்சென்கோ உள்ளே வந்து குண்டோகன் பக்கத்தில் நிற்கிறார். பந்து போனால் அவர் லெஃப்ட் பேக் இடத்துக்கு ஓட வேண்டும், நடுவில் மிஞ்சுவது குண்டோகன் மட்டும். அவரும் 35வது நிமிடம் மஞ்சள் அட்டை வாங்கினார். அதன் பிறகு துணிந்து ஒரு டாக்கிள் போட முடியுமா? ஜின்சென்கோவைத் திட்டுவது சுலபம். அவருக்கு இரட்டை வேலை கொடுத்தது கோச்.

எல்லைக்கோடு:
செல்சீயை யாருமே பேச மாட்டீங்களா? மூணு சென்டர் பேக், முன்னாடி கான்டேயும் ஜோர்ஜின்யோவும். அதுக்குள்ள சிட்டிக்கு இடமே கிடைக்கல. செல்சீ கோச் டூகல் ஜனவரி கடைசியில வந்தவர், ஏப்ரல் 17ல இருந்து ஆறு வாரத்துக்குள்ள மூணு தடவை பெப்பை ஜெயிச்சார். சியாகோ சில்வா 39வது நிமிஷம் காயத்தோட போனப்பவும் கிறிஸ்டென்சன் வந்து அந்த வரிசை கலையல.

வானநீலம்:
அதைத்தான் நானும் சொல்றேன். எதிரணி அப்படி அடைச்சு நின்னா, இடுக்குல நிக்கிற ஃபோடன், பெர்னார்டோவுக்கு வேகமா பந்து சேர்க்க ஒருத்தர் வேணும். அது குண்டோகன். சரி, 64வது நிமிஷம் ஃபெர்னாண்டின்யோ வந்தாரே. 73வது நிமிஷம் கவுண்டர்ல (பந்தைப் பறிச்ச உடனே பாயுற எதிர்த்தாக்குதல்) செல்சீயோட புலிசிச் கீப்பருக்கு எதிரே தனியா நின்னார், வெளிய அடிச்சார். அப்ப உங்க காவல் எங்க போச்சு?

ஆழ்நடுக்களம்:
ஒரு கோல் பின்தங்கி எல்லோரும் முன்னேறிய நேரத்து கவுண்டரை 0-0இல் விழுந்த கோலோடு ஒப்பிடுகிறீர்கள். டி புருய்னாவும் 60வது நிமிடமே காயத்தோடு போயிருந்தார். மொத்த ஆட்டத்திலும் சிட்டி கோலை நோக்கிச் சரியாக அடித்தது ஒரே ஒரு ஷாட். தாக்குதலுக்காகக் காவலை எடுத்தவருக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான். 2023 இஸ்தான்புல்லைப் பாருங்கள்: ரோட்ரி உள்ளே, பக்கத்தில் ஸ்டோன்ஸ், இன்டருக்கு எதிராக 1-0, கோல் அடித்தவரும் ரோட்ரி, 68வது நிமிடம்.

வானநீலம்:
சென்டர் பேக்கை மிட்ஃபீல்டுல நிறுத்தினதும் அதே கோச்தான். ஜெயிச்சா மேதை, தோத்தா அதிகமா யோசிச்சவர். இது என்ன நியாயம்?

ஆழ்நடுக்களம்:
ஸ்டோன்ஸ் ஃபைனலுக்கு முன் பல வாரம் அந்த இடத்தில் ஆடிப் பழகியவர். அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 4-0 அடித்ததும் அதே அமைப்புதான். போர்ட்டோவில் இறங்கிய நடுக்களம் எப்போது பழகியது? 2022 மாட்ரிட் தோல்வி விவாதத்திலும் இதே கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் நழுவினீர்கள்.

வானநீலம்:
நழுவல. 90வது நிமிஷம் வரை மொத்தக் கணக்குல 5-3 முன்னிலை. கிரீலிஷுக்கு ரெண்டு வாய்ப்பு: ஒண்ணு கோட்டுக்கிட்ட மாட்ரிட் டிஃபெண்டர் மெண்டி (செல்சீ கீப்பர் இல்ல, வேற ஆள்) தடுத்தார், இன்னொண்ணு கீப்பர் குர்துவா கால்ல பட்டு விலகுச்சு. அப்புறம் மாட்ரிட்டோட ரோட்ரிகோ அடுத்தடுத்து ரெண்டு கோல். அன்னிக்கு ரோட்ரி களத்துலதான் இருந்தார்!

எல்லைக்கோடு:
பழைய கதைன்னா 2014க்குப் போங்க. பேயர்ன் கோச்சா இருந்தப்ப சொந்த மைதானத்துல ரியல் மாட்ரிட்கிட்ட 0-4 தோல்வி. அன்னிக்கும் நடுக்களத்துல ஆளைக் குறைச்சு முன்னாடி நாலு பேரை நிறுத்தினார்.

வானநீலம்:
அதுல முதல் ரெண்டு கோலும் ராமோஸ் ஹெட்டர். ஒண்ணு கார்னர், இன்னொண்ணு ஃப்ரீ கிக். நடுக்களத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆழ்நடுக்களம்:
34வது நிமிடம் ரொனால்டோ அடித்த மூன்றாவது கோல் கவுண்டர். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?