டொராண்டோவில் முதல் குளிர்காலம்: டிசம்பர் விடுமுறையை உடம்பும் மனசும் கெடாமல் கடக்க

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் 4.45-க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் என்பதே ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த வருடம் வந்திருக்கும் தம்பி, தங்கைகள் எல்லோரும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிரை நல்ல உடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆளைச் சாய்ப்பது இருட்டும் தனிமையும்தான், அதுவும் ஊரே கொண்டாடுகிற டிசம்பர் கடைசிப் பத்து நாளில். அதற்கு இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பேஸ்மெண்டில், அதாவது தரைக்குக் கீழே இருக்கிற தளத்தில், வாடகைக்கு இருப்பவர்களுக்கு வெளிச்சம்தான் முதல் மருந்து. ஜன்னல் கூரையோரம் ஒரு சாண் அளவுக்குத்தான் இருக்கும், அதையும் பனி மூடிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வானம் மூடிக் கிடந்தாலும் வெளியே இருக்கிற வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் எழுந்ததும் முதல் வேலையாக, சூரியன் மறைவதற்குள் வெளியே போய்விட வேண்டும். சாப்பாடு அப்புறம் ஆகட்டும்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கிற வெயிலில் தோல் விட்டமின் டி தயாரிக்க முடியாது. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அது இன்னும் கஷ்டம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட், எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 800 யூனிட் தேவை என்பது கனடா சுகாதாரத் துறையின் கணக்கு. இங்கே கடையில் வாங்கும் பாலில் விட்டமின் டி சேர்த்திருப்பார்கள், ஆனால் அது மட்டும் போதாது. மாத்திரை எந்த பார்மசியிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும். ஊரிலிருந்து வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் மாத்திரை கொண்டுவந்திருந்தால், இங்கே டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

ஃப்ளூ ஊசி ஒண்டாரியோவில் ஆறு மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் இலவசம். இரண்டு வயது ஆனவர்களுக்குப் பார்மசியிலேயே போடுவார்கள், அதற்கும் சின்னக் குழந்தை என்றால் டாக்டரிடம் கேளுங்கள். போட்ட பிறகு உடம்பு தயாராக இரண்டு வாரம் ஆகும், அதனால் டிசம்பர் விருந்துகளுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி வந்தவர்களிடம், அரசு மருத்துவக் காப்பீட்டுக்கான ஹெல்த் கார்டுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அந்த விதியை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள், உடனே போய் விண்ணப்பியுங்கள். விடுமுறையில் கிளினிக் பூட்டிக் கிடக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் 811-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் நர்ஸ் பேசுவார், காசு கிடையாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்கவே வேண்டாம், அவசர உதவிக்கு 911.

மருந்துப் பெட்டியைப் பற்றி ஒன்று, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். நாம் ஊரில் டோலோ, குரோசின், பனடோல் என்று சாப்பிடுவதும் இங்கே டைலனால் என்று விற்பதும் ஒரே மருந்து. டப்பாவில் அசிட்டமினோஃபென் என்று இருக்கும். சளிக்கும் இருமலுக்கும் விற்கிற பவுடரிலும் சிரப்பிலும்கூடப் பெரும்பாலும் அதே மருந்து கலந்திருக்கும். ஊர் மாத்திரை இரண்டு, இங்கத்திய சளி மருந்து ஒன்று என்று சேர்த்துச் சாப்பிட்டால், தெரியாமலே அளவு தாண்டும், ஈரல் கெடும். பெரியவர்கள் 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிளகு ரசமும் கொத்தமல்லிக் கஷாயமும் தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் ஃப்ளூ ஊசிக்குப் பதில் அது ஆகாது.

உடுப்பு விஷயத்தில் ஒரே தடியான கோட்டை நம்பாதீர்கள், அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டுகிற முதல் அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே வைத்திருக்கும், அதிலேயே குளிர் ஏறிவிடும். ஃபோனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் விண்ட் சில், அதாவது காற்றையும் சேர்த்து உடம்புக்குத் தெரிகிற குளிர், என்ன என்று பாருங்கள். அது மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கும். பஸ் ஸ்டாப்பில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டி வரும் என்பதை நினைவில் வையுங்கள். பனி கொட்டிய அன்றைவிட, உருகி மறுபடி உறைந்த மறுநாள்தான் ஆபத்து. நடைபாதை சும்மா ஈரமாக இருப்பதுபோல் தெரியும், கால் வைத்தால் வழுக்கும். கையைக் கோட்டுப் பைக்குள் விடாமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நடங்கள். அப்பா அம்மா வந்து தங்கியிருந்தால் பனி அள்ளும் வேலையை அவர்களிடம் விடாதீர்கள். அந்தக் குளிரில் திடீரென்று பாரம் தூக்குவது இதயத்துக்கு ஆகாது.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓட ஓட காற்று வறண்டுவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் பதற வேண்டாம், காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையர் ஒன்று வையுங்கள். அறை குளிர்ந்து கிடந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். டொராண்டோவில் வாடகை வீட்டுக்கு வெப்பம் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பாக இருந்தால், குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது நகராட்சி விதி. சொல்லியும் கேட்கவில்லை என்றால் நகராட்சியின் 311 எண்ணில் புகார் செய்யலாம். மீன் பொரித்தாலும் சாம்பிராணி போட்டாலும் புகை அலாரம் அலறும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிற வீடுகள் உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், அலாரத்தைத் தொடாதீர்கள்.

இனி மனசு. ஊருக்கு ஃபோன் செய்தால் "உனக்கென்ன, கொடுத்து வச்சவன்" என்பார்கள். அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஒரு சொல் பலரைப் பேச விடாமல் செய்துவிடுகிறது. வேலை கிடைக்கவில்லை, தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கடன் வாங்கி அனுப்பிய அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நன்றியோடு இருப்பது வேறு, வலியை மறைப்பது வேறு. கிடைத்ததற்கு நன்றி சொல்கிற அதே வாயால் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொல்லலாம், அதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு விடவில்லை என்றால் டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். குளிர்காலத்தில் வருகிற மனச்சோர்வு இங்கே எல்லா டாக்டருக்கும் தெரிந்த நோய், சிகிச்சையும் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால்கூட 988-க்கு அழையுங்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம், 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

ஃபோன் பேசும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம். ராத்திரி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு பேசினால், வைத்த பிறகு தூக்கம் போய்விடும். காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே மாலை ஆறரை, விளக்கு வைக்கிற நேரம், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். பேசி முடித்துவிட்டு வெளிச்சத்தில் வேலைக்குக் கிளம்பலாம்.

டிசம்பர் 25 அன்று கடை, நூலகம், மால் எல்லாம் பெரும்பாலும் பூட்டிவிடும். 24-ஆம் தேதிக்குள் பால், அரிசி, மருந்து வாங்கி வைத்துவிடுங்கள். அன்றைக்கு எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். ஆபீஸில் யாராவது வீட்டுக்கு அழைத்தால் கூச்சப்பட்டு மறுக்காதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், குடிக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு டப்பா எலுமிச்சை சாதமோ வடையோ கொண்டுபோங்கள்.

உங்களை ஏர்போர்ட்டில் வந்து கூட்டிப்போனவர், முதல் வாரம் தரையில் மெத்தை விரித்துக் கொடுத்தவர், பழைய கோட்டைத் துவைத்துக் கொடுத்த அக்கா: இவர்களை இந்த மாதம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா குழம்பு கொடுத்துவிட்ட எவர்சில்வர் தூக்கு இன்னும் உங்கள் சமையலறையில் இருக்கும், அடியில் அவர் பெயர் பொறித்திருக்கும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லையே. ரவை உருண்டை பிடித்துப் போட்டு நேரில் போய்க் கொடுங்கள், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். அந்த வீட்டுக்கும் உங்கள் வருகை தேவைப்படலாம், இருபது வருடம் இங்கே இருப்பவர்களுக்கும் டிசம்பர் இருட்டு இருட்டுதான். அதிகாலை நாலு மணிக்குப் பனி தள்ளுகிறவருக்கும், உங்கள் ரூட் பஸ் டிரைவருக்கும் வாயால் ஒரு நன்றி சொன்னால் போதும். நேரம் இருப்பவர்கள், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கிற ஃபுட் பேங்கில் டப்பா அடுக்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். இந்த ஊரில் ஆள் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மார்கழி முழுக்கக் கோயில்களில் விடியற்காலைப் பூசை இருக்கும், சுடச்சுடப் பொங்கலும் கிடைக்கும். ஜனவரி வந்தால் தைப்பொங்கல். அந்த மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் என்று ஒண்டாரியோ 2014-இலும் கனடா நாடாளுமன்றம் 2016-இலும் ஏற்றுக்கொண்டன, அதனால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் வாரக்கடைசியில் விழா இல்லாமல் இருக்காது. ஜனவரி நடுப்பகுதி வரை தாக்குப் பிடித்தால் போதும், பகலும் அதற்குள் இருபது நிமிடத்துக்குக் கிட்ட நீண்டிருக்கும்.

25-ஆம் தேதி தனியாக இருக்கப்போகிறவர்கள் எந்தப் பகுதி, சைவமா அசைவமா என்று மட்டும் கீழே எழுதுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு இலை போட முடிகிறவர்களும் எழுதுங்கள்.