காய்ச்சின மலைத்தேனைக் காயத்துக்குத் தடவலாமா?

கோத்தகிரி மருமகள்:
கொழுந்துத் தோட்டத்துல மாமனார் கால்ல கவாத்துக் கத்தி பட்டுருச்சு. ஆழமில்லை, சர்க்கரை நோயும் இல்லை, டி.டி. ஊசி போட்டாச்சு. தேன் எடுக்கும் குறும்பர் அண்ணன் கொடுத்த மலைத்தேன் ஒரு பாட்டில் இருக்கு. புளிச்ச வாடை வந்ததால போன வாரம் காய்ச்சி வடிகட்டினேன். அதைத் தடவலாமா? நாத்தனார் நியூசிலாந்து மானுகாத் தேன்தான் கிருமியைக் கொல்லும்ங்கிறார். விலையைக் கேட்டாலே தலை சுத்துது.

தாண்டிக்குடி தேன்பெட்டி:
காய்ச்சினதுதான் தப்பு, தங்கச்சி. தேனீ தன் வாயிலிருந்து குளுக்கோஸ் ஆக்சிடேஸ்னு ஒரு நொதியைத் தேனில் சேர்க்குது. புண்ணின் நீர் பட்டதும் அது ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அடுப்புச் சூட்டில் அந்த நொதி செத்துரும். மிஞ்சுவது கிருமியின் நீரை உறிஞ்சும் சர்க்கரையும், பி.எச். 4-ஐ ஒட்டிய புளிப்பும்தான்.

புளிச்ச வாடை வந்தது ஈரத்தால. தேனில் நீர் 20 சதவீதம் தாண்டினா ஈஸ்ட் கிளம்பும். அடைக்கு மெழுகு மூடி போடும் முன்னே எடுத்தா அப்படித்தான் ஆகும்.

மானுகா கதை வேற. நியூசிலாந்துச் செடி அது. அந்தப் பூவின் மதுவில் இருக்கும் ஒரு பொருள் தேனுக்குள்ளேயே மெத்தில்கிளையாக்சாலா மாறுது. 2008-ல் ஜெர்மனியில் கண்டுபிடிச்சாங்க. பெராக்சைடு இல்லாமலே கிருமியைக் கொல்லும். அதுக்காக நம்ம தேன் மட்டம்னு ஆயிடாது. பூவுக்குப் பூ பலம் மாறும், அவ்வளவுதான். நாவல் பூத்த மாசம் என் பெட்டியில் எடுத்த அடுக்குத்தேன் கருத்துக் கசந்தது. சுவரிடுக்கில் கூடு கட்டும், கொட்டாத குட்டித் தேனீயின் கொசுத்தேன் நீர்த்து, நாக்கைச் சுருட்டும் புளிப்பு; ஒரு கூட்டில் கைப்பிடி அளவுகூடத் தேறாது. காப்பிச்செடி கிழிச்ச கீறலுக்கு நான் தொடுவது அதைத்தான்.

ஊட்டி ஓய்வுபெற்ற செவிலி:
அண்ணன் சொன்ன வேதியியல் சரி. ஆனா பச்சைத் தேனை வெட்டுக்காயத்தில் தடவாதீங்கம்மா. அதில் கிளாஸ்ட்ரிடியம்ங்கிற நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கலாம், காய்ச்சினாலும் சாகாது. மருத்துவத் தேனைக் காமா கதிரில் சுத்தம் பண்றாங்க; சூடு படாததால நொதியும் தப்பிக்கும். சோப்புத் தண்ணியில் காயத்தைக் கழுவி, சுத்தமான துணியால் கட்டுங்க. சிவந்து வீங்கினா அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதே வித்துதான் காரணம்.

கோத்தகிரி மருமகள்:
கழுவிக் கட்டியாச்சு, வீக்கம் இல்லை. அக்கா, அடுத்த மாசம் ஓரகத்திக்குப் பிரசவம். பாட்டி சேனை வைக்கத் தேன் எடுத்து வச்சிருக்காங்க. இன்னைக்கே போய்ச் சொல்றேன்.