பாடத்தை வகுப்புக்கு வெளியே நடத்துவது: அன்றாடம் நடக்கிற காரியமா?

மரத்தடி டீச்சர்

மதுரை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். சுற்றுலா, களப்பயணம் பற்றி நான் பேச வரவில்லை. பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வாரத்தில் மூன்று நாலு பீரியட், அன்றைய பாடத்தையே வெளியே வைத்து நடத்துவதைப் பற்றித்தான். எங்கள் ஆசிரியர் அறையில் இதற்குப் பாதிப் பேர் எதிர்ப்பு. அதனால் இங்கே கேட்கிறேன்.

போன பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மீட்டர் கம்பை நேராக நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னேன். நிழல் எப்போது குட்டையாகும் என்று கேட்டதற்கு வகுப்பே '12 மணிக்கு' என்றது. 12 மணிக்கு 47 செ.மீ. இருந்தது. அதற்கப்புறமும் குறைந்துகொண்டே போய், 12.30 வாக்கில் நாற்பத்து நாலரைக்கு வந்து நின்றது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், கடிகாரம் தப்பா, சூரியன் தப்பா?" என்றாள்.

நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கம் போகிற 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது. மதுரை 78.1 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் பதினேழரை நிமிடத்துக்குக் கணக்கு வந்துவிட்டது. மீதிப் பதின்மூன்று பதினான்கு நிமிடம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து சூரிய நேரத்தைக் கடிகார நேரத்திலிருந்து விலக்குகின்றன. பிப்ரவரியில்தான் சூரியன் கடிகாரத்துக்கு மிகவும் பிந்துகிறது. பத்து வருடமாக 'தீர்க்கக்கோடு' பாடம் நடத்துகிறேன். அது என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பொறுப்பு எச்.எம்.

டீச்சர், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் மதியம் 12 முதல் 12.30 வரை பிள்ளைகளை வெயிலிலா நிறுத்தினீர்கள்? 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று கோடைதோறும் அறிவிப்பு வருகிறது. வெயிலுக்காகவே பள்ளி திறப்பை 2023-இல் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை ஜூன் 12-க்கும், 2024-இல் ஜூன் 10-க்கும் தள்ளினார்கள்.

இன்னொன்று. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு ஆசிரியை நான்காம் வகுப்பைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப் போனார். குளவி கொட்டி ஒரு பையனுக்கு முகம் வீங்கிவிட்டது. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பையன் பிழைத்தான். ஆனால் மறுநாள் அவன் வீட்டார் வந்து, "பாடத்தை வகுப்பில் நடத்தாமல் மரத்தடியில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டபோது எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. பாடக்குறிப்பில் 'வெளியே' என்ற சொல்லே கிடையாது. அந்த ஆசிரியை ஒரு மாதம் தூங்கவில்லை. பொறுப்பு யாருக்கு என்பது தீராமல் நான் எந்த ஆசிரியரையும் வெளியே அனுப்ப மாட்டேன்.

மரத்தடி டீச்சர்

சார், வெயிலில் நின்றது கம்பு மட்டும்தான். வகுப்பு வேம்பு நிழலில் உட்கார்ந்திருந்தது. இரண்டு இரண்டு பேராகப் போய்க் கோடு போட்டுவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பினார்கள். குளவி விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, அந்த ஆசிரியையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கிளாஸ்கோ தமிழன்

ஸ்காட்லாந்தில் 2010-லேயே வெளிப்புறக் கற்றலைப் பாடத்திட்டத்தோடு சேர்த்து வழிகாட்டி வெளியிட்டார்கள். மழையிலும் கோட்டு மாட்டிக்கொண்டு போகிறார்கள். நம்மாலும் முடியும்.

களத்துமேடு

மழைக்கோட்டு உள்ள ஊரும் எங்கள் ஊரும் ஒன்றில்லை அண்ணா.

நான் ஆசிரியன் இல்லை, அப்பன். என் மகள் ஆறாவது படிக்கிறாள். நானும் என் மனைவியும் காட்டு வேலை. லீவு நாளில் அவளும் பருத்தி எடுக்க வருகிறாள். வெயில், மண், செடி, பூச்சி எதையும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேனுக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது ஒன்றுதான் பள்ளிக்கூடத்தில் மட்டும் கிடைப்பது. அதையும் பிடுங்கிவிட்டு மறுபடி வெளியே அனுப்பினால் எப்படி?

நான் படிக்கும்போது 'வெளியே போ' என்றால் அதற்கு அர்த்தமே வேறு. மைதானம் கூட்டுவது, தண்ணீர் எடுப்பது, செடிக்கு ஊற்றுவது எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத்தான் வரும். மற்றவர்கள் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் வாளியோடு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் வராது.

1953-இல் ராஜாஜி பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் வந்ததும் அது போனது. அதற்கும் 'செய்து கற்பது', 'வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி' என்றுதான் நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அதனால் நல்ல பெயரைக் கேட்டாலே எனக்குப் பயம்.

ஈராசிரியர்

களத்துமேடு சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அதைத் தாண்டிப் போய் இந்த விவாதத்தை நடத்த முடியாது.

நான் வேலை பார்ப்பது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ, எமிஸ் என்ற பள்ளித் தகவல் பதிவு வேலைக்கோ போனால் ஐந்தும் ஒருவர் தலையில். இந்த நிலையில் வெளியே கூட்டிப் போவது கூடுதல் சுமை என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கு நடந்தது வேறு. உள்ளே மூன்று வகுப்புக்கு மூன்று பாடம் நடத்துகிறேன். வெளியே சணலால் ஒரு மீட்டர் சதுரம் கட்டிவிட்டால் ஒரே பாடம் மூன்று வகுப்புக்கும் போதும். மூன்றாம் வகுப்பு செடிகளை எண்ணும். நான்காம் வகுப்பு சுற்றளவு எடுக்கும். ஐந்தாம் வகுப்பு மொத்தச் செடியில் எத்தனை பங்கு துத்தி, எத்தனை பங்கு குப்பைமேனி என்று பின்னத்தில் எழுதும்.

பொறுப்பு எச்.எம்.

பின்னம் வந்துவிட்டதா என்பதை மாதத் தேர்வுத் தாளில் எப்படிக் காட்டுவீர்கள்? தாளில் துத்தி வராது, வட்டத்தில் நிழலிட்ட பகுதிதான் வரும்.

ஈராசிரியர்

வெளியே போய் வந்தபின் கடைசிப் பதினைந்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து அதே வட்டத்தைப் போட வைக்கிறேன் சார். அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்ட நாட்களில் எல்லாம் வெறும் உலாத்தலாகப் போயிருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தடி டீச்சர்

களத்துமேடு அண்ணா, நேற்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. வாளியோடு நிற்க வைத்தது பாடம் இல்லை, அநியாயம். என் வகுப்பில் யார் கையிலும் துடைப்பமும் வாளியும் கொடுப்பதில்லை. கையில் நோட்டு இல்லாமல் யாரும் வெளியே வருவதுமில்லை.

ஆனால் உங்கள் மகளுக்குச் செடி தெரியும், அதனால் வேண்டாம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஆறாம் வகுப்பில் ஒரு பையன், வாசிப்பு தட்டுத் தடுமாறித்தான் வரும். அவனும் லீவில் களையெடுக்கப் போகிறவன். சுவரோரம் இருந்த பன்னிரண்டு செடிகளுக்கும் அவன்தான் பெயர் சொன்னான், எனக்கு ஐந்துதான் தெரியும். எழுதச் சொன்னபோது 'கீளாநெல்லி' என்று எழுதினான். நான் சிவப்பு மையால் திருத்தவில்லை. ஒரு கொத்தைப் பறித்துத் திருப்பிக் காட்டினேன். இலைக்கு அடியில் காம்பை ஒட்டி வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். "காய் எங்கே இருக்கு?" என்றேன். "கீழ டீச்சர்" என்றான். 'கீழ்' என்பதற்கு எந்த எழுத்து என்று கேட்டதும், அவனே ளகரத்தை அடித்துவிட்டு ழகரம் போட்டான். பறித்துப் பறித்துப் பழகிய செடிதான். அதன் பெயருக்குள்ளேயே அதன் உருவம் இருப்பது எழுத்து வழியாகத்தான் அவனுக்குப் பிடிபட்டது.

காட்டில் அவன் கற்றது பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணாக வேண்டும் என்பதுதான் என் ஆசை. காட்டுக்கே திரும்பிப் போவதற்காக இல்லை. 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைப்பதைத்தான் முதல் கொள்கையாக வைத்தது. அது என்றைக்கோ ஒருநாள் புத்தகப் பையில்லாமல் வரச் சொல்லி நடத்துவதால் வராது.

களத்துமேடு

கீழாநெல்லியில் ழ வருவது எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். சரி, உங்களை நம்புகிறேன். உங்களைப் பார்த்து நாளைக்கு இன்னொருவர் நோட்டை மறந்துவிட்டு வாளியை மட்டும் எடுப்பார், அவரை எப்படி நம்புவது? என் மகள் வெளியே போன நாளெல்லாம் அன்றைக்கு எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அது நடந்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஈராசிரியர்

எச்.எம். சார், பொறுப்பு பற்றிக் கேட்டீர்களே. நான் செய்வது இதுதான். ஜூன் மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எந்த மரத்தடி, எந்த எல்லை, எத்தனை பிள்ளை என்று பேசித் தீர்மானம் எழுதிப் பெற்றோர் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். பாடக்குறிப்பில் இடம் என்ற வரியைச் சேர்த்தேன். காலையில் சமையல் அக்காவும் நானும் மரத்தைச் சுற்றி ஒருதரம் பார்த்துவிடுகிறோம், கூடு இருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போவதில்லை. குளவி கொட்டாது என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் யாரும் வந்து 'உங்களுக்கு அங்கே என்ன வேலை' என்று கேட்க முடியாது.

பொறுப்பு எச்.எம்.

அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை இங்கே போடுங்கள் சார், எங்கள் குழுவில் வைத்துப் பார்க்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மட்டும், காலை 11 மணிக்குள், ஒரு பருவம். தொடக்க வகுப்புகளுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

மரத்தடி டீச்சர்

11 மணிக்குள் என்றால் கம்பு நட முடியாதே சார்! ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருநாள், 27ஐ ஒட்டி, மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 12.19 வாக்கில் கம்புக்கு நிழலே இருக்காது. அந்த ஒருநாளுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். பிள்ளைகள் வேம்பு நிழலில்தான் இருப்பார்கள். களத்துமேடு அண்ணா, அன்றைக்கு எங்கள் பள்ளிக்கு வாருங்கள். பிப்ரவரியில் கடிகாரத்தைக் கேள்வி கேட்ட பெண்ணே தன் நோட்டிலிருந்து உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

களத்துமேடு

ஒருநாள் கூலி போகும். பரவாயில்லை, மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.