ஓங்கில் திரள்: ‘சூப்பர்பாட்’ என்பதற்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பாம்பன் கரையில் வைக்கவிருக்கும் ஒரு விளக்கப் பலகைக்காக ‘டால்பின் பாட்’, ‘சூப்பர்பாட்’ ஆகிய இரண்டுக்கும் தமிழ் கேட்டிருந்தேன். சேர்ந்து நீந்தும் டால்பின் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘பாட்’ (pod) என்பார்கள்; அப்படிப் பல கூடிய மிகப் பெரிய கூட்டம் ‘சூப்பர்பாட்’ (superpod). இத்தனை மறுமொழிகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்த சொற்கள் ஒவ்வொன்றையும் பலகையில் இடம்பெறப் போகும் வாக்கியத்தில் பொருத்தி, வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பட்டியலில் மிடுக்காக நிற்கும் சொல் வாக்கியத்துக்குள் வந்ததும் நொண்டத் தொடங்குவது நமக்குப் புதிதல்லவே.

விலங்கின் பெயரை முதலில் முடித்துவிடுகிறேன். பாடநூலும் செய்தித்தாளும் ‘டால்பின்’ என்றே எழுதுவதால் நாமும் அப்படியே விட்டுவிடலாம் என்று இருவர் கருதினர். இந்தக் கரையில் ‘ஓங்கில்’ என்ற பெயர் உயிரோடு இருக்கும்போது அதைப் பலகையில் எழுதாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. ‘கடல் பன்றி’ என்பாரும் உண்டு. பலகையைப் பார்க்க வரும் பிள்ளைகள் வேறு எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள் என்பதால் அதைத் தவிர்த்தேன். தலைப்பில் ‘ஓங்கில் என்னும் டால்பின்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் ஓங்கில் என்றே எழுதிச் செல்லலாம்.

‘பாட்’ என்பதற்கு வந்த சொற்களில் ‘நெற்று’ என்பதை ஒரு மொழிபெயர்ப்புக் கருவி தந்ததாக அனுப்பியவரே சொல்லிவிட்டார்; அவரை, பயறு போன்றவற்றின் நெற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘பாட்’ என்றே பெயர். அவரைக் குறைசொல்ல வழியில்லை. ‘மந்தை’க்கு ஒரு மேய்ப்பன் வேண்டும், தவிர, இன்று அந்தச் சொல்லில் ஓர் இளக்காரமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேராசிரியர் ஐயா பரிந்துரைத்த ‘தொறு’ மாட்டு மந்தையைக் குறித்து நடுகற்களில் வாழும் அருமையான சொல். ஆனால் தொறு என்பது உடைமை: ஒருவன் கவர்ந்து போவான், இன்னொருவன் மீட்கப் போய்ப் பட்டு வீழ்வான். கடலில் திரியும் ஓங்கிலுக்கு உடையவன் ஏது? ‘நிரை’யில் வரிசை என்னும் பொருள் முந்திக்கொண்டு நிற்கிறது. ‘கணம்’ கணிதப் பாடநூலுக்குப் போய்விட்டது. நொடி என்ற பொருளும் குறுக்கே வரும். எஞ்சிய ‘குழு’, ‘குழாம்’ இரண்டில், குழு என்றால் அலுவலகச் சுற்றறிக்கை நினைவுக்கு வருகிறது. ‘நண்பர் குழாம்’ என்று நாம் சொல்லும்போது ஒருவரையொருவர் அறிந்த, கூடவே திரிகிற சிலர் என்ற பொருள் தானாகக் கிடைக்கிறது. ஐந்து, பத்து, இருபது என்று சேர்ந்து நீந்தும் ஓங்கில்களுக்கு அதுவே போதும். ‘ஓங்கில் குழாம்’ என்பதில் பெரும்பாலோர் உடன்பட்டும் இருக்கிறீர்கள்.

சிக்கல் ‘சூப்பர்பாட்’டில்தான். குழாம் என்று வைத்துக்கொண்டோமானால் முன்னால் ‘பெரும்’ சேர்த்துப் ‘பெருங்குழாம்’ என்பதே முறை என்று மூவர் எழுதினீர்கள். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. பொருளில் பிழை இருக்கிறது என்பதுதான் என் வாதம். பெருங்குழாம் என்றால் குழாமே பெருத்துவிட்டது என்றாகும். கடலில் நடப்பது வேறு.

சென்ற பங்குனியில் குந்துகாலிலிருந்து ஒரு நாட்டுப்படகில் தென்கடலுக்குப் போயிருந்தேன். தீவுகளெல்லாம் பின்னால் மறைந்து வெகுநேரம் கழித்து, காற்று விழுந்து எண்ணெய் தடவினாற்போல் கிடந்த நீரில், கிழக்கே ஓரிடம் மட்டும் மழை பெய்வதுபோல் கொதித்துக்கொண்டிருந்தது. படகோட்டி அண்ணன் எந்திரத்தை நிறுத்தினார். முதலில் வந்தது ஓசைதான். நூறு துருத்திகளை முன்பின்னாக அழுத்தினாற்போல மூச்சு விடும் ஓசை. பிறகு எங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் முதுகுகள். ஒன்று உடலை முறுக்கி எழும்பி, அந்தரத்தில் பம்பரமாகச் சுழன்று பக்கவாட்டில் விழுந்தது; அது சுழல் ஓங்கில் என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை என்று எண்ண முயன்று கைவிட்டேன். சற்று நேரம் ஒரே பக்கமாகப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது: படகின் இடப்புறம் ஆறு முதுகுகள், அவற்றில் ஒன்றின் விலாவோடு ஒட்டிய ஒரு குட்டி. அந்த ஆறும் குட்டியும் சேர்ந்தே மூழ்கின, சேர்ந்தே எழுந்தன. அவ்வளவு நெரிசலிலும் அடுத்ததோடு கலக்கவில்லை.

நான் “எவ்வளவு பெரிய கூட்டம்!” என்றேன். அண்ணன் தலையசைத்து மறுத்தார். “ஒரே கூட்டம் இல்ல சார். பல கூட்டம் வந்து திரண்டு கெடக்கு. எரை தீந்துச்சுன்னா அததும் அது பாட்டுக்குப் போயிரும்.” அரைமணி நேரத்தில் அப்படியே ஆயிற்று. கொதிப்பு அடங்கி, முதுகுகள் நாலைந்து இழைகளாகப் பிரிந்து தெற்கிலும் தென்கிழக்கிலும் போய்விட்டன.

உயிரியலாளர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதும் இதைத்தான். ஹவாய் தீவுகளில் நெடுங்காலம் ஆராயப்பட்ட சுழல் ஓங்கில்கள் பகலில் கரையோர நீரில் சிறு தொகுதிகளாக ஓய்வெடுக்கின்றன; இருட்டியதும் ஆழமான பகுதிக்குச் சென்று, இரவில் மேலேறி வரும் சிறுமீன்களையும் கணவாய்களையும் இறால்களையும் உண்ணும்போது பெருந்தொகையாகச் சேர்கின்றன. இந்தச் சேர்க்கையில் யார் யாரோடு என்பது நாளுக்கு நாள் மாறுகிறது. கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் வேறோர் இன ஓங்கில்கள் ஆயிரத்தைத் தாண்டிச் சேர்வதும் இரைக்காகவே பெரும்பாலும் நிகழ்கிறது. சுறாவிடமிருந்து காப்பும் இணைசேர வாய்ப்பும் உடன்கிடைக்கின்றன. ஆகவே ‘சூப்பர்பாட்’ என்பது அளவின் பெயர் என்பதைவிட நிகழ்ச்சியின் பெயர் என்பதே சரி. அதற்கு வினையடி உள்ள சொல் வேண்டும்.

‘திரள்’ என்று அண்ணன் வாயிலிருந்து வந்ததையே முன்மொழிகிறேன். திரள்வது, திரண்டு நிற்பது, கலைவது மூன்றையும் அது இயல்பாக ஏற்கிறது. ‘பல குழாங்கள் ஒரு திரளாயின, மாலையில் திரள் கலைந்தது’ என்பதைப் படித்துப் பாருங்கள். ‘பெருங்குழாம் கலைந்தது’ என்றால் ஏதோ சொத்துத் தகராறில் குடும்பம் உடைந்ததுபோல் இருக்கிறது.

எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது. மீனுக்கும் திரள் என்கிறோமே, ‘ஓங்கில் திரள் மீன் திரளைச் சூழ்ந்தது’ என்று எழுத நேர்ந்தால் என்ன செய்வது என்று ஏர்வாடி நண்பர் கேட்டார். அந்த வாக்கியம் எனக்கும் இடித்தது. அங்கே மீன் கூட்டம் என்று எழுதிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் என்னிடம் விடையில்லை. ‘கூடல்’ என்ற மாற்று காதுக்கு இனியது, ஆனால் எந்தத் தமிழரும் மதுரைக்குப் போய்விட்டுத்தான் கடலுக்குத் திரும்புவார். ‘ஆயிரக்கூட்டம்’ வேண்டவே வேண்டாம்: ஆயிரம் என்பது திட்டமான வரையறை அல்ல, சில நூறையும் அப்பெயரால் குறிக்கிறார்கள். நீருக்கடியில் இருப்பதைப் படகிலிருந்து எண்ணவும் இயலாது.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். 2016 சனவரியில் நம் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. 1973 சனவரியில் அதே கரையோரத்தில் 147 ஒதுங்கியிருந்தன. பெயர் திமிங்கிலம் என்றாலும் இவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2016இல் மீனவர்கள் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டவற்றுள் பல மறுபடி கரைக்கே வந்தன. தாய்வழி உறவால் கட்டுண்டு வாழும் இவற்றைத் திரள் என்று சொன்னால் அந்தப் பிணைப்பு காணாமல் போகும்; எண்ணிக்கை எத்தனையானாலும் குழாம் என்பதே தகும். ‘குடி’ என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் ‘திமிங்கிலக் குடி’ என்று பலகையில் எழுதினால் சுற்றுலா வருபவர் எதை நினைப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

அளவைச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ‘பெருந்திரள்’ எனலாம். அங்கே ‘பெரும்’ குழாமைத் தொடாமல் திரளை மட்டுமே சிறப்பிக்கிறது. பலகை வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: ‘மன்னார் வளைகுடாவில் ஓங்கில்கள் பெரும்பாலும் சிறு குழாங்களாகத் திரிகின்றன, இரை மிகுந்த இடத்தில் பல குழாங்கள் கூடிச் சிறிது நேரம் ஓங்கில் திரளாகின்றன.’

பலகை எழுதுபவர் வெள்ளிக்கிழமை வரி கேட்டிருக்கிறார். ‘குழாங்கள்’ என்பதா ‘குழாம்கள்’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம். முன்னது புணர்ச்சிக்குச் சரி, பின்னது சிறுவர்கள் படிக்க எளிது. வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.