கண்ணாடி முகப்பு கம்ப்யூட்டர் கேபினெட், சூடு தாங்கவில்லை, உதவி தேவை (அவசரம்)

வைகைக்கரை:
நண்பர்களே, கேம் ஆட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சிஸ்டம் கொதிக்கிறது, ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. கேபினெட்டில் முன்னால் கண்ணாடி, உள்ளே மூன்று ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேன். கடைக்காரர் ப்ராசசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலர் போடச் சொல்கிறார், நண்பன் கேபினெட்டையே மாற்று என்கிறான். எதை வாங்கட்டும்? ஞாயிறோடு ஆஃபர் முடிகிறது.

தட்டான்:
என்ன ப்ராசசர்? என்ன கிராபிக்ஸ் கார்டு? எத்தனை டிகிரி? 70-ம் சூடுதான், 95-ம் சூடுதான்.

பச்சைமிளகாய்:
ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவுகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். புதுசாகப் போட்டுப் பாருங்கள் ப்ரோ, பத்தில் எட்டுப் பேருக்கு அதுதான்.

ராத்திரிப்பறவை:
பின்னால் ஃபேன் இருக்கிறதா? மூன்றும் உள்ளே இழுத்து வெளியே தள்ள ஒன்றுமில்லை என்றால் சூடு எங்கே போகும்?

மூத்தபலகை:
தம்பி, விவரமே இல்லாமல் 'எதை வாங்க' என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணக் கூலர் எதுவும், தண்ணீரில் ஓடுவதும் சேர்த்து, தனக்கு வரும் காற்றை விடக் கீழே சூட்டை இறக்காது. அறை 36 டிகிரி என்றால் கணக்கே அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள்.

வைகைக்கரை:
ரைசன் 7 5800எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3070. சிபியு (ப்ராசசர்) 90 டிகிரி, கார்டு 84. பின்னால் ஒரு ஃபேன் உண்டு. ஏசி இல்லை. கேபினெட் கம்ப்யூட்டர் டேபிளில் அதை வைக்கிற தடுப்புக்குள்தான் இருக்கிறது.

தட்டான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அந்த ப்ராசசருக்கு 90தான் உச்சவரம்பு, அதற்கு மேல் போகாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எதையும் வாங்காதீர்கள். அதே கேமை அதே இடத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். பிறகு முன் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு இன்னொரு முறை. பிறகு டேபிளை விட்டு வெளியே எடுத்து. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். கண்ணாடியை எடுத்ததும் நன்றாக இறங்கினால் குற்றவாளி முகப்பு. அசையவே இல்லை என்றால் பேஸ்ட், கூலர் பக்கம் போகலாம்.

ராத்திரிப்பறவை:
கூடவே ஒரு ஊதுபத்தியை முகப்பின் ஓர இடுக்கில் பிடியுங்கள், சாம்பல் உள்ளே விழாமல். புகை உள்ளே இழுபட வேண்டும். அப்படியே நின்றால் ஃபேன் சுழல்வது அழகுக்கு மட்டும்தான். ஃபேனில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியேறும், ஆனால் எதிர்ப்பக்கம் தள்ளுகிற ரிவர்ஸ் இறக்கை ஃபேனும் விற்கிறார்கள், அதனால் புகையை நம்புங்கள்.

பச்சைமிளகாய்:
கண்ணாடிக்குப் பதில் மெஷ் (வலை) முகப்பு வாங்கினால் தூசி அள்ளும். எங்கள் வீடு மெயின் ரோட்டில், எனக்குத் தெரியும்.

ராத்திரிப்பறவை:
தூசிக்குக் காரணம் மெஷ் இல்லை. வெளியே தள்ளுவதை விட உள்ளே இழுப்பது அதிகமாக இருந்தால் பெரும்பாலான காற்று ஃபில்டர் வழியாக வரும். குறைவாக இருந்தால் பின்பக்க ஓட்டை, இடுக்கு எல்லாவற்றிலும் தூசியோடு நுழையும்.

பச்சைமிளகாய்:
அந்த ஃபில்டரே அடைத்துக்கொண்டால் உங்கள் கணக்கு தலைகீழ் ஆகிவிடும். யார் மாதாமாதம் கழுவுகிறார்கள்?

மூத்தபலகை:
நான் கழுவுகிறேன். இரண்டு பேரும் பாதி பாதி சொல்கிறீர்கள். கேபினெட் பார்க்கும்போது ஃபில்டர் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கழல்கிறதா, அடியில் பவர் சப்ளை ஃபில்டரை உருவ பெட்டியைத் தூக்க வேண்டுமா, இதைப் பாருங்கள். கழற்றச் சிரமம் என்றால் யாரும் கழுவ மாட்டார்கள். கூலருக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் இடமிருக்கிறது என்பதையும் பாருங்கள். வாட்டர் கூலரை முன்னால் மாட்டினால் தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் தின்னும், நீளமான கார்டு இடிக்கும்.

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன். கண்ணாடியை எடுத்ததும் சிபியு 83. டேபிளுக்கு வெளியே 77, கார்டு 75. வாட்டர் கூலர் வேண்டாம், மெஷ் கேபினெட் பார்க்கிறேன். நன்றி அண்ணன்களே.

மூத்தபலகை:
மூன்று முறையும் அறை வெப்பம் எவ்வளவு? பகலிலா, இரவிலா?

பச்சைமிளகாய்:
அப்படியே பேஸ்டையும் மாற்றிவிடுங்கள் ப்ரோ.